விசாலாட்சி மறைத்த பயற்றமாவு

காலை ஆறேகாலுக்கே பிள்ளைக் காம்பராவின் வாசலில் தாய்மார் வரிசையில் நின்றுவிடுவார்கள். வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுப்பதற்கு முன் கைப்பிள்ளையை ஒப்படைத்தாக வேண்டும். மடுல்சீமைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளை வாங்குகிறவர் விசாலாட்சி. சும்மா வாங்கமாட்டார். விசாரித்துத்தான் வாங்குவார்.

"இது ஏண்டி இப்புடி தூங்குது? ராத்திரி சளி மருந்து ஊத்துனியா?"

"இல்லீங்க ஆயம்மா."

"கண்ணு சொருகுது, இல்லைங்கிற. ஊத்துனியா, இல்லியா?"

"ஒரே ஒரு கரண்டிதாங்க. புள்ள அழுவுது, தூங்க முடியலன்னு அவரு சத்தம் போட்டாரு."

"அப்ப அந்தக் கரண்டிய ஒம் புருசன் வாயில ஊத்து. இனி புள்ளைக்கு ஊத்துனா, உள்ள எடுக்கமாட்டேன்."

பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். தங்கள் முறை வரும்போது சிரிப்பு நின்றுவிடும்.

விசாலாட்சி பிறந்தது கொஸ்லந்தைத் தோட்டமொன்றில், 1955இல். பத்தொன்பது வயதில் கல்யாணம் முடித்து இங்கே வந்தார். பதினெட்டு வருடம் கொழுந்து பறித்தார். தோட்டம் கம்பனியின் கைக்குப் போன மறு வருடம், 1993இல், எழுத வாசிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி பிள்ளைக் காம்பராவுக்குத் தேவை என்றார்கள். பதுளையில் ஐந்து நாள் பயிற்சி. திரும்பி வந்தபோது ஒரு சான்றிதழும், யாரையும் நம்பக்கூடாது என்ற முடிவும் அவரிடம் இருந்தன. இரண்டாவதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைக்குப் பேச்சு வராது, பேசுகிறவர்களோ உண்மை சொல்வதில்லை என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்குப் பல தடவை சரியாகவே வந்தது. பல் முளைக்கிற பிள்ளையின் ஈறில் கசிப்புச் சாராயத்தைத் தடவிய தகப்பனை அவர்தான் பிடித்தார். போத்தலில் பால் என்று கொடுத்துவிட்டது வெறும் அரிசிக் கஞ்சித் தண்ணீர் என்று கண்டவரும் அவரே. பத்து வருடத்தில் அவர் கையில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நேர்ந்ததில்லை. அதனால் அவருடைய வாயைத் தாய்மார் பொறுத்துக்கொண்டார்கள்.

2002 கடைசியில் கம்பனி ஒரு போட்டி வைத்தது. எந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா அதிகச் சுத்தம்? சுவரில் ஒரு போர்டு வந்தது. காலையில் வந்தவுடன் ஒவ்வொரு பிள்ளையையும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். வழங்கப்பட்ட சவர்க்காரத்தைத் தவிர வேறெதையும் பாவிக்கக்கூடாது. மீறினால் வேலை இல்லை. கூடவே கட்டிகட்டியாகச் சிவப்புச் சவர்க்காரம் வந்து இறங்கியது. ஆஸ்பத்திரித் தரை கழுவிய வாடை அதற்கு.

அடுத்த மாசியில் சுஜன் வந்தான். நிசாந்தினியின் முதல் பிள்ளை. நிசாந்தினிக்கு இருபத்து மூன்று வயது, கொழுந்தில் கெட்டிக்காரி. கணவன் வடிவேல் தொழிற்சாலையில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. பிள்ளைக்கு நாலு மாதம். கன்னம் இரண்டும் சிவந்து உரிந்திருந்தன. முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறத்திலும் தோல் வெடித்து நீர் கசிந்தது. மடுல்சீமைக் காற்று பட்டால் பெரியவர்களின் உதடே வெடிக்கும். இந்தப் பிள்ளை இரவு பகலாகச் சொறிந்தான். கையைப் பிடித்தால் தலையைத் துணியில் வைத்துத் தேய்த்தான்.

விசாலாட்சி தன் வேலையை ஆரம்பித்தார். முதலில் கம்பளித் தொப்பியைச் சந்தேகப்பட்டார், கழற்றச் சொன்னார். பிறகு அவர்கள் குடியிருக்கும் லயத்து நாயை. பிறகு, பூச்சிமருந்தடித்த தேயிலை மலையிலிருந்து வந்து கை கழுவாமல் பால் கொடுக்கிறாள் என்று நிசாந்தினியை.

"கையக் கழுவிட்டுத்தாங்க தூக்குறேன்."

"அப்புடித்தான் எல்லாரும் சொல்லுறது."

கடைசியில் சந்தேகம் சிவப்புச் சவர்க்காரத்தின் மேல் வந்து நின்றது. மூன்று நாள் அவனுக்கு மட்டும் வெறும் தண்ணீர் ஊற்றினார். சிவப்பு குறைந்தது. நாலாம் நாள் சவர்க்காரம் போட்டார். மாலைக்குள் முழங்கை மடிப்பில் இரத்தம். இன்னொரு தடவை அதேபோல் செய்து பார்த்தார். அதே பலன். எந்த டொக்டரும் சொல்லாமல், சவர்க்காரம் அந்தத் தோலை அரிக்கிறது என்று அவரே கண்டுபிடித்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் சவர்க்காரம் போடாத பிள்ளை சுத்தமில்லாத பிள்ளை. பரிசோதிக்க வருகிற கம்பனி மிஸ் பிள்ளைகளின் கழுத்து மடிப்பைத் துணியால் துடைத்துப் பார்ப்பார். சவர்க்காரத்துக்குப் பதில் ஏதாவது வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும் தேய்ப்பதற்கு இதைவிடச் சாதுவான பொருள் உண்டா என்று அவர் நினைத்தது பயற்றமாவை. பசறையில் பயறு வாங்கி, காயவைத்து, திரிகையில் தானே அரைத்து, இரண்டு தரம் சலித்தார். பழைய பால்மா டின்னில் போட்டு விறகுக்குப் பின்னால் ஒளித்தார். போர்டு இருக்கிறது. தெரிந்தால் வேலை போகும். தாய்க்கும் சொல்லவில்லை.

ஒவ்வொரு காலையும் குழைத்த மாவைச் சுஜனுக்குத் தேய்த்தார். முதல் இரண்டு மாதமும் தோல் தேறியது. சவர்க்காரம் நின்றதால் தேறியது. மாவினால் தேறியது என்று விசாலாட்சி நினைத்தார். ஊரையே சந்தேகப்பட்டவருக்குத் தன் கையிலிருந்த டின்மீது மட்டும் சந்தேகம் வரவில்லை. புரட்டாசியில், குளித்துக் கொஞ்ச நேரத்தில், நுளம்பு கடித்ததுபோல் தடிப்புகள் எழுந்து ஒரு மணித்தியாலத்தில் மறைந்தன. மலையிலிருந்து பீலி வழியாக வரும் தண்ணீரை அவர் சந்தேகப்பட்டார்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. புதனென்றால் ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு அவித்த பயறும் அரை முட்டையும். சுஜனுக்கு வயது ஒன்றாகி ஆறு நாள். முட்டை இதற்கு முன் இரண்டு முறை கொஞ்சம் தின்றிருக்கிறான். பயறு அன்றைக்குத்தான் முதல் தடவை. மசித்து இரண்டு கரண்டி ஊட்டினார். மூன்றாவதற்கு அவன் முகத்தைத் திருப்பினான். உதடு தடித்தது. இமைகள் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. வயிறெல்லாம் தடிப்பு. மூச்சு விசில் அடித்தது.

விசாலாட்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துச்சாலைக்கு ஓடினார். அங்கே ஊசி போட்டு, கொழுந்து லொறியில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்பினார்கள். மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்த நிசாந்தினி, லொறியில் ஏறுமுன் கேட்டாள்:

"எம் புள்ளைக்கு என்னத்த குடுத்தீங்க?"

"பயறுதாண்டி. எல்லாப் புள்ளையும் தின்னிச்சு."

"எல்லாப் புள்ளையும் தின்னா, இவனுக்கு மட்டும் எப்புடி?"

லொறி கிளம்பிவிட்டது. அந்தக் கேள்விக்குத் தோட்டத்தில் எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது.

"எங்கள நிக்க வச்சுக் கேப்பா பாரு, மருந்து ஊத்துனியா ஊத்துனியான்னு. இவதான் ஊத்திருக்கா."

"இருவத்து மூணு புள்ளையும் ஒரே நேரத்துல தூங்குதே, அது எப்புடி?"

பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் அடுத்த வாரம் பிள்ளைக் காம்பராவில் ஏணைத் தொட்டில்கள் ஆறுதான் ஆடின. மற்றவர்கள் பிள்ளையை மூத்த பிள்ளையின் இடுப்பில் விட்டார்கள், அல்லது வேலைக்கே போகவில்லை.

பதுளையில் சுஜனைப் பார்த்தவர் தோல் கிளினிக்கின் டொக்டர் சிதம்பரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். என்ன பூசுகிறீர்கள், எதில் குளிப்பாட்டுகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கெல்லாம், "பகல்ல ஆயம்மாகிட்டங்க இருக்கு, எனக்குத் தெரியாதுங்க" என்பதே நிசாந்தினியின் பதில். அவர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். பிள்ளையைப் பார்க்கிறவர் அடுத்த செவ்வாய் வரவேண்டும். பிள்ளையின் வாய்க்குள் போகிறது, மேலில் படுகிறது எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும்.

செவ்வாய்க் காலை விசாலாட்சி பை கட்டினார். சவர்க்காரம், தேங்காயெண்ணெய்ப் போத்தல், பால்மா, பயறு, ஏணைத் துணியில் ஒரு துண்டு. மாவு டின்னை வைத்தார். எடுத்தார். அதை யாரும் பார்த்ததில்லை. கொட்டிக் கழுவினால் அது வெறும் டின். கொண்டுபோனால் போர்டை மீறினவர். நாற்பத்தெட்டு வயதில் வேலையில்லாதவர். பிள்ளைக்கு எதையோ செய்தவள் என்று ஊர் சொல்வதற்குச் சாட்சியும் அதுதான். பஸ் ஹோர்ன் அடித்தது. டின்னைப் பைக்கு அடியில் திணித்துக்கொண்டு ஓடினார். கொண்டுபோவது வேறு, காட்டுவது வேறு என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

பஸ்ஸில் நிசாந்தினி முன் ஆசனத்தில், பிள்ளையைச் சேலையால் மூடிக்கொண்டு. விசாலாட்சி பின்னால். பதுளை வரைக்கும் அப்படியே போனார்கள்.

டொக்டர் மேசையில் பொருட்களை வரிசையாக வைக்கச் சொன்னார். சவர்க்காரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"உது தரை கழுவுறதெல்லே? பிள்ளைக்கோ?"

"கம்பனி குடுக்குறதுங்க. இவனுக்குப் போடுறதில்லீங்க, ஐயா. போட்டா வெடிக்குது. ரெண்டு தரம் போட்டுப் பாத்துட்டு நிப்பாட்டிட்டேன்."

டொக்டர் நிமிர்ந்தார். "நீங்களாவே பாத்தனீங்களோ? கெட்டிக்காரி. அப்ப எதாலை குளிப்பாட்டுறனீங்கள்?"

"தண்ணியிலதாங்க."

பொய் அவ்வளவு இலகுவாக வந்தது. நிசாந்தினி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே தாய்க்குச் சொன்னார்: "இங்கை பாருங்கோ தங்கச்சி. ஒவ்வாமை எண்டால், உடம்பு அந்தச் சாமானை முதல் ஒருக்காச் சந்திச்சிருக்க வேணும். முதல் தரமே இப்பிடி வராது. பயறு அவன் அண்டைக்குத்தானே முதல் தின்டவன்? ஆனபடியால் பயறிலை எனக்குச் சந்தேகம் குறைவு. முட்டை முந்தியும் தின்டவன். முட்டையை நிப்பாட்டுவம். இப்பிடித் தோல் உள்ள பிள்ளையளுக்குப் பாலும் சில நேரம் ஒத்துவராது. பால்மாவையும் நிப்பாட்டிப் பாப்பம்."

"முட்டையும் பாலும் இல்லாட்டி என்னத்தங்க குடுக்குறது? ஏழு கிலோகூட இல்லீங்க."

"சோறு, பருப்பு. கொஞ்ச நாள் போகப் பயறும் குடுத்துப் பாக்கலாம்."

"பயறு குடுக்கலாங்களா?"

"பிறகு, கொஞ்சமா."

விசாலாட்சியின் கை பைக்குள் இருந்தது. உடம்பு அந்தச் சாமானை முதலில் ஒருக்காச் சந்தித்திருக்க வேண்டும். இந்த டொக்டர் பயறை விடுதலை செய்துகொண்டிருந்தார், விசாலாட்சி சொன்ன பொய்யை நம்பி. லயத்துக்குப் போனதும் நிசாந்தினி முட்டையைப் பறிப்பாள், பாலைப் பறிப்பாள், ஒரு நாள் பயறு அவிப்பாள். அப்போது பக்கத்தில் லொறி நிற்குமா என்று யாருக்குத் தெரியும்?

டின்னை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என்ன?"

"பயத்தமாவுங்க. சவுக்காரத்துக்குப் பதிலா இதத்தான் தேய்ச்சேன். தினமும்."

"எவ்வளவு காலமா?"

"எட்டு மாசமா."

"வெடிச்ச தோலிலையோ?"

"வெடிச்ச எடத்துலதாங்க நல்லா தேய்ச்சேன்."

டொக்டர் பேனையை மூடினார். நிசாந்தினி பிள்ளையை மார்போடு இழுத்துக்கொண்டு கதிரையைத் தள்ளிப் போட்டாள்.

"குளிச்ச உடனை தடிப்பு வந்ததோ?"

"பொரட்டாசியிலருந்து வந்திச்சுங்க. பீலித் தண்ணின்னு நெனச்சேன்."

அவர் எழுதிய தாளைக் கிழித்தார். பிறகு இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"உங்கடை லயத்திலை சுண்ணாம்பு விழுந்த சுவர் இருக்கும். கல்லு நிக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலை ஒண்டும் இருக்காது. காத்து உள்ளை வரும், வீட்டுச் சூடு வெளியிலை போகும். இவன்ரை தோல் பிறக்கேக்கையே அப்பிடி. உள்ளை இருக்கிற ஈரம் நிக்காது. வெளியிலை இருக்கிறது எல்லாம் உள்ளை போகும். அதுதான் காயுது, கடிக்குது, வெடிக்குது. இது தொத்துற சொறி இல்லை. ஒருதரும் நஞ்சு வைக்கவும் இல்லை. சவுக்காரம் மிச்சச் சுண்ணாம்பையும் கரைச்சுப்போடும். அதை நிப்பாட்டினது மெத்தச் சரி. ஆனால் ஆச்சி, அந்த வெடிப்புக்குள்ளை தின்னுற சாமானை விட்டுத் தேய்ச்சது பிழை."

"பயறு சாப்புடுறதுதானுங்களே. கெடுதல் இல்லியே."

"வாசலாலை வாறவனை வீட்டுக்காரர் இருக்கச் சொல்லுவினம். சுவரைப் பிரிச்சுக்கொண்டு வாறவனைக் கள்ளன் எண்டு அடிப்பினம். பிறகு அதே ஆள் வாசலாலை வந்தாலும் அடிதான். வாயாலை போறதைவிடத் தோலாலை போறதைத்தான் உடம்பு எதிரியா எடுக்குதோ எண்டு வெளிநாட்டு டொக்டர்மாருக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. கடலையெண்ணெய் பூசின பிள்ளையளிலை கண்டு எழுதியிருக்கினம். இன்னும் முழுசா நிரூபிக்கேல்லை. நானும் சத்தியம் பண்ணிச் சொல்லமாட்டன். ஆனால் இவனிலை எனக்குச் சந்தேகம் உந்த டின்னிலைதான். பயறு இனி வாயிலையும் வேண்டாம், மேலிலையும் வேண்டாம். முட்டையும் பாலும் வழமை மாதிரிக் குடுங்கோ. அதுகளைப் பறிக்கத் தேவையில்லை."

வெள்ளையாய்க் கொழகொழவென்ற களிம்பு ஒரு பெரிய டப்பாவில் கொடுத்தார்கள். இன்னொரு சிறிய டியூப், சிவந்த இடத்தில் மட்டும் மெல்லிசாக, ஒரு வாரத்துக்கு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் சுருக்கமாகக் குளிப்பு. தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் வெள்ளைக் களிம்பு பூச வேண்டும். நாளுக்கு மூன்று நாலு தடவை.

"வண்டிக்கு அடிக்கிற கிரீசு மாதிரி இருக்கு" என்றார் விசாலாட்சி, டப்பாவைத் திறந்து.

"சுண்ணாம்பு பூசுறம் எண்டு நினையுங்கோ" என்றார் டொக்டர்.

திரும்பும்போதும் நிசாந்தினி முன் ஆசனத்தில்தான் இருந்தாள். பசறையில் பஸ் நின்றபோது திரும்பினாள்.

"எட்டு மாசமா எனக்கு ஏன் சொல்லல?"

"போர்டு மாட்டிருக்காங்க. வேலை போயிரும்."

"எனக்குச் சொன்னா நான் ஓடிப்போயி தொரைகிட்ட சொல்லிருவேனா?"

"சொல்லிருவேன்னுதான் நெனச்சேன்."

"என்ன அப்புடி நெனச்சீங்களா?"

"எல்லாரையும் அப்புடித்தான் நெனச்சேன்" என்றார் விசாலாட்சி.

"சொல்லிருந்தா, தடிப்பு வந்த அன்னைக்கே ரெண்டு பேரும் பாத்திருக்கலாம்." நிசாந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் விசாரணை. கம்பனியின் நலன்புரி மிஸ் பதுளையிலிருந்து வந்திருந்தார். விசாலாட்சி எதையும் மறைக்கவில்லை. டின், மாதம், பொய் எல்லாவற்றையும் சொன்னார். மிஸ் எழுதி முடித்துவிட்டு, விதி தெளிவாக இருக்கிறது, புது ஆள் போட வேண்டியதுதான் என்றார். வாசலில் கூடியிருந்தவர்களில் பலர் தலையாட்டினார்கள். பிறகு மிஸ் நிசாந்தினியைப் பார்த்து, உங்களுக்குச் சொல்ல எதுவும் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்குங்க மிஸ். நான் இவங்கள மன்னிக்கல."

"சரி."

"ஆனா புதுசா வாறவங்க என்ன செய்வாங்க? போர்டுல இருக்குறபடி செவப்புச் சவுக்காரம் போடுவாங்க. எம் புள்ளைக்கு மறுபடி ரத்தம் வரும். அதுதான் விதின்னு சொல்லுவாங்க. சவுக்காரம் போட்டா வெடிக்கிதுன்னு கண்டுபுடிச்சது இவங்கதான். டாக்டரே சொன்னாரு. பொய் சொன்னாங்க. அவரு பயற விட்டுட்டாருன்னதும் டின்ன எடுத்து வச்சதும் இவங்கதான். யாரும் கேக்கல."

"அப்ப இவங்களையே வச்சுக்கணுங்கிறீங்களா?"

"வச்சுக்கோங்க. ஆனா நான் எந்த நேரமும் வந்து பாப்பேன். கங்காணி தடுக்கக்கூடாது. அத எழுதிக் குடுங்க."

கூட்டத்திலிருந்து ஒருத்தி கத்தினாள்: "அப்ப எங்களுக்கும் எழுதிக் குடுங்க!"

இன்னொருத்தி: "புள்ளைங்க மேல பூசுறது எல்லாத்தையும் வாசல்லயே அடுக்கி வைக்கச் சொல்லுங்க மிஸ். நாங்க மோந்து பாத்துத்தான் உள்ள விடுவோம்."

மிஸ் தோட்டத்துத் துரையின் அறைக்குள் போய்ப் பேசினார். அரைமணி கழித்து வெளியே வந்து, மூன்று மாதத்துக்குப் பார்ப்போம் என்றார். வெடிப்புள்ள பிள்ளைகளுக்குச் சவர்க்காரம் வேண்டாம் என்று போர்டில் ஒரு வரி சேர்க்கவும் ஒப்புக்கொண்டார்.

திங்கள் காலை வரிசையில் ஒன்பது பேர்தான் நின்றார்கள். விசாலாட்சி யாரையும் கேள்வி கேட்கவில்லை. அவர்கள் கேட்டார்கள். தண்ணீர் எவ்வளவு சூடு? எந்தத் துணி? அந்தப் போத்தலில் என்ன? அவர் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினார். ஒருத்தி எண்ணெயைத் தன் கையில் தடவிப் பார்த்த பிறகே பிள்ளையை நீட்டினாள். கடைசியாக நிசாந்தினி சுஜனைக் கொடுத்தாள். பெரட்டுக்குப் போனாள்.

ஒன்பது மணிக்கு விசாலாட்சி சுஜனைக் குளிப்பாட்டுகிற சட்டியில் இருத்தியபோது வாசலில் வெளிச்சம் மறைந்தது. தலையில் கூடைக் கயிறும் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்குமாக நிசாந்தினி நின்றாள். மேட்டு மலையிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

விசாலாட்சி தண்ணீரை ஊற்றினார். தூக்கினார். துணியால் ஒற்றினார். முழங்கை மடிப்பில் பழைய வெடிப்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. ஈரக் கைக்குக் களிம்பு டப்பாவின் மூடி திறக்க வரவில்லை. ஒரு தடவை முறுக்கினார், இரண்டு தடவை முறுக்கினார்.

நிசாந்தினி கூடையை வாசலில் இறக்கினாள். கையைப் பீலியில் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, டப்பாவைப் பறித்துத் திறந்தாள்.

"சீக்கிரம் பூசுங்க, ஆயம்மா. காயுது."